ஆளில்லா ஊருக்கு இரண்டு உறுப்பினர்!



இறந்துபோன ஒரு தேர்தல் தொகுதியின் கதையை இன்று உங்கள் முன் வைக்கிறேன். தொகுதியும் இறக்குமா என்று கேட்பீர்கள். இறக்கும். சட்டத்தால் பிறந்தது சட்டத்தால் இறக்கும். ஆனால் நான் சொல்லப்போகும் தொகுதியின் விந்தை அது இறந்ததிலே இல்லை. வாழ்ந்த விதத்திலே இருக்கிறது. அந்தத் தொகுதி உயிரோடிருந்த நாளில் அங்கே மக்கள் இல்லை. மக்கள் திரண்டெழுந்த நாளில் அந்தத் தொகுதி இல்லை!

பாராளுமன்றங்களின் தாய் என்று இங்கிலாந்தைப் போற்றுவோர் உண்டு. அந்தத் தாயின் மடியிலே நூற்றாண்டுக் கணக்கில் தவழ்ந்த பிள்ளைதான் இது. பெயர் ஓல்டு சாரம். பழைய சாரம் என்று பொருள். எங்கோ இருக்கிற இங்கிலாந்தில், என்றோ ஒழிந்த தொகுதியைப் பற்றி நமக்கென்ன என்று எண்ணிவிடாதீர்கள். இந்தக் கதையிலே சென்னைக்குப் பங்குண்டு. செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குப் பங்குண்டு. கர்நாடகச் சீமையின் உழவன் சிந்திய வியர்வைக்கும் பங்குண்டு.

ஊர் போயிற்று, உரிமை போகவில்லை

வில்ட்ஷயர் என்னும் மாவட்டத்தில், சால்ஸ்பரி நகருக்கு வடக்கே, ஒரு மேடு இருக்கிறது. வரலாற்றுக்கு முற்பட்ட காலத்தில் மண்ணரண் எழுப்பிய இடம். பின்னர் நார்மானியர் அதன்மீது கோட்டை கட்டினர், கோயில் கட்டினர். 1086இல் வில்லியம் மன்னன் நாட்டின் பெருநிலக்காரர்களை அங்கே வரவழைத்து, தனக்கே விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழி வாங்கினான். அப்படிப்பட்ட பெருமை அந்த மேட்டுக்கு இருந்தது.

ஆனால் மேட்டிலே தண்ணீர்த் தட்டுப்பாடு. காற்றோ ஓயாத காற்று. கோட்டையின் படைவீரருக்கும் கோயிலின் குருமாருக்கும் ஓயாத பூசல். பொறுத்துப் பார்த்த குருமார், கீழே ஆற்றோரத்துப் புல்வெளிக்கு இறங்கி, 1220இல் புதிய கோயிலுக்கு அடிக்கல் நாட்டினர். கோயிலைத் தொடர்ந்து கடைவீதி இறங்கிற்று. கடைவீதியைத் தொடர்ந்து குடிமக்கள் இறங்கினர். சால்ஸ்பரி நகரம் அவ்வாறு வளர்ந்தது. மேட்டிலிருந்த பழைய கோயிலின் கற்களும் கீழே இறங்கின. எஞ்சியது மேடும் புல்லும்.

மக்கள் இறங்கினார்கள், கற்கள் இறங்கின. இறங்காமல் மேட்டிலேயே நின்றுவிட்டது ஒன்று. அதுதான் பாராளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பும் உரிமை! 1295இல் கூடிய பாராளுமன்றத்துக்கு இந்த ஊரிலிருந்து இருவர் அழைக்கப்பட்டனர். இடையிலே சில காலம் அழைப்பு நின்றது. பதினான்காம் நூற்றாண்டிலே மீண்டும் தொடங்கி, 1832 வரையில் நீடித்தது. கீழே இருந்த சால்ஸ்பரி நகருக்குத் தனியாக இரண்டு உறுப்பினர்; மேலே இருந்த வெறும் மேட்டுக்குத் தனியாக இரண்டு உறுப்பினர்!

வெறும் மேட்டுக்கு வாக்காளர் எங்கிருந்து வந்தனர் என்று கேட்பீர்கள். அங்கே வாக்குரிமை மனிதனைச் சார்ந்ததன்று, மனையைச் சார்ந்தது. ஒரு காலத்தில் வீடுகள் நின்ற மனைக்கட்டுகள் சில இருந்தன. அந்த மனைக்கு எவன் உரியவனோ அவன் வாக்காளன். வீடு இருக்கவேண்டுமென்பதில்லை, அடுப்பு எரியவேண்டுமென்பதில்லை, அவன் அங்கே குடியிருக்கவேண்டுமென்பதும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் தொகுதியின் வாக்காளர் எண்ணிக்கை 11. அந்தப் பதினொருவரும் வேற்றூர்க்காரர்கள்!

ஆகவே மனைகளை விலைக்கு வாங்கியவன் தொகுதியை விலைக்கு வாங்கியவனானான். தேர்தல் நெருங்கும்போது மனைகளைத் தனக்கு வேண்டியவர் பெயருக்கு எழுதிவைப்பது, தேர்தல் முடிந்ததும் திரும்பப் பெற்றுக்கொள்வது. இது இத்தகைய தொகுதிகளின் வாடிக்கை. வயல்வெளியில் ஒரு மரம். பார்லிமெண்டு மரம் என்றே அதற்குப் பெயர். அதன் நிழலிலே சிலர் கூடுவர், உரியவர் குறித்துக்கொடுத்த இரண்டு பெயர்களைப் படிப்பர், கலைவர். பொதுத்தேர்தல் முடிந்தது! இப்படிப்பட்ட தொகுதிகளை அழுகல் தொகுதிகள் என்றும், சட்டைப்பைத் தொகுதிகள் என்றும் அந்த நாட்டு மக்களே அழைத்தார்கள்.

கோட்டை கவர்னர் வாங்கிய தொகுதி

அந்தச் சட்டைப்பை யாருடையது? இங்கேதான் சென்னை வருகிறது.

தாமஸ் பிட் என்று ஒருவர். பாதிரியார் ஒருவரின் மகன். கிழக்கிந்தியக் கும்பினிக்கு மட்டுமே இந்திய வாணிபம் உரியது என்று சட்டம் இருந்த காலத்தில், அந்தச் சட்டத்தை மீறி, கள்ள வணிகராக வங்கக் கடற்கரையில் வாணிபம் செய்து பொருள் சேர்த்தவர். கும்பினி அவர்மீது வழக்குத் தொடுத்தது. அபராதம் விதிக்கச் செய்தது. சேர்த்த பொருளைக்கொண்டு அவர் இங்கிலாந்தில் நிலம் வாங்கினார். 1690களின் தொடக்கத்தில், சால்ஸ்பரி பிரபுவின் குடும்பத்திடமிருந்து ஓல்டு சாரம் மேட்டை வாங்கினார். புல் மேய்க்கவா வாங்கினார்? இல்லை தோழர்களே, பாராளுமன்றத்தை மேய்க்க வாங்கினார்!

கும்பினி என்ன செய்தது? எந்த மனிதனை வழக்குமன்றத்துக்கு இழுத்ததோ, அதே மனிதனை 1698இல் சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் கவர்னராக்கியது. இன்று தமிழ்நாட்டின் சட்டமன்றம் கூடுகிற அதே கோட்டை! அந்தக் கோட்டையிலிருந்து அவர் 1709 வரையில் ஆண்டார். திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு ஆகிய ஐந்து ஊர்களைக் கும்பினி பெற்றது அவர் காலத்தில், 1708இல்தான்.

அங்கிருந்தபடியே அவர் இன்னொன்றும் வாங்கினார். கிருஷ்ணை ஆற்றங்கரையில் கொல்லூர்ச் சுரங்கத்தில் கிடைத்த வைரம். பட்டை தீட்டுமுன் 400 காரட்டுக்கு மேற்பட்டது. 48,000 வராகன் கொடுத்து வாங்கி, மகனிடம் கொடுத்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். 1717இல் பிரெஞ்சு நாட்டின் அரசப் பிரதிநிதி அதை ஏறத்தாழ 1,35,000 பவுனுக்கு வாங்கினார். அந்த வைரத்தை இன்றும் பாரிஸ் நகரத்து லூவர் காட்சிசாலையில் காணலாம். கிடைத்த பணத்தில் கார்ன்வால் பகுதியில் பெரும்பண்ணை எழுந்தது. 'வைர பிட்' என்ற பெயர் நிலைத்தது.

தாமஸ் பிட் ஓல்டு சாரம் உறுப்பினராகத் தாமே பலமுறை அமர்ந்தார். மகன் ராபர்ட்டையும் அமர்த்தினார். பாட்டன் தேடிய தொகுதி பேரனுக்கும் பயன்பட்டது. 1735இல் வில்லியம் பிட் என்ற இளைஞர், வயது 26, தம் தமையன் கையிலிருந்த அந்தத் தொகுதியின் வழியே பாராளுமன்றத்தில் நுழைந்தார். 1747 வரையில் அந்த மேட்டின் பிரதிநிதியாக இருந்தார். பிற்காலத்தில் அவர்தான் ஏழாண்டுப் போரை நடத்தியவர். முதலமைச்சராகி, சாத்தம் பிரபு என்ற பட்டம் பெற்றவர்.

நல்லவர்கள் வந்தார்கள், ஆனால்?

தோழர்களே! இங்கே சற்று நிதானித்து நோக்கவேண்டும். அழுகல் தொகுதி என்றதும், அதிலிருந்து வந்தவரெல்லாம் அழுகிய மனிதர்கள் என்று எண்ணிவிடக்கூடாது. வில்லியம் பிட் திறமைசாலி. அவையே நடுங்கும் நாவன்மை படைத்தவர். அமெரிக்கக் குடியேற்ற மக்கள்மீது அவர்களின் இசைவின்றி வரி விதிக்கக்கூடாதென்று 1766இல் வாதாடியவர். அந்தப் பேச்சிலேயே, இத்தகைய தொகுதிகள் அரசியலமைப்பின் அழுகிய உறுப்பு என்றும், தானாக உதிராவிட்டால் அறுத்தெறிய நேரும் என்றும் எச்சரித்தவர். அழுகல் தொகுதியால் ஆளானவரே அழுகல் தொகுதியைக் கண்டித்தார்!

அடுத்து இன்னொருவர்: ஜான் ஹார்ன் டூக். அரசாங்கத்தின் கொடுமையை எதிர்த்தவர். பாராளுமன்றச் சீர்திருத்தம் வேண்டுமென்று போராடியவர். அதற்காக 1794இல் இராஜத் துரோகக் குற்றம் சாட்டப்பட்டு, ஜூரிகளால் விடுதலை செய்யப்பட்டவர். ஏராளமான வாக்காளர் நிறைந்த வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியில் நின்று பார்த்தார், தோற்றார். பிறகு 1801இல் அவர் எங்கிருந்து அவைக்கு வந்தார்? அதே ஓல்டு சாரத்திலிருந்து! அப்போது அதற்கு உரியவராயிருந்த காமெல்ஃபோர்டு பிரபு மனம்வைத்தார், சீர்திருத்தக்காரர் உறுப்பினரானார். அவர் முன்னாளில் குருப்பட்டம் பெற்றவராதலால் அவையில் அமரலாமா என்ற சர்ச்சை எழுந்தது. குருமார் காமன்ஸ் சபையில் அமரக்கூடாதென்று அந்த ஆண்டிலேயே தனிச்சட்டம் செய்தார்கள். 1802இல் அவை கலைந்ததும் அவர் வெளியேறவேண்டியதாயிற்று. ஒருவர் குருப்பட்டம் பெற்றவரா என்று தேடிப்பார்த்த அவைக்கு, அவரை அனுப்பிய ஊரில் ஒரு வீடாவது உண்டா என்று கேட்கத் தோன்றவில்லை!

பழைய முறையைத் தாங்கிநின்றோர் என்ன வாதாடினார்கள் தெரியுமா? "இந்தத் தொகுதிகள் இல்லாவிட்டால் பிட் போன்ற மேதைகள் இளவயதிலேயே அவைக்கு வரமுடியுமா? வாயில் எதுவாயினும், வந்தவர் நல்லவராயிருந்தால் போதாதா?" என்று வாதாடினார்கள். வாதம் இனிக்கத்தான் செய்யும். ஆனால் நாம் கேட்கவேண்டிய கேள்வி, வந்தவர் நல்லவரா என்பதன்று. வந்தவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே. புல்லுக்கா பதில் சொல்வார்? பார்லிமெண்டு மரத்துக்கா பதில் சொல்வார்? மனைக்கு உரிய பிரபு ஒருவருக்குத்தான் அவர் பதில் சொல்லவேண்டும். பிரபு மனம்வைத்தால் மேதை வருவார். மனம் மாறினால் மேதை போவார்.

அந்த வாயிலின் வழியே மேதைகள் மட்டுமா வந்தார்கள்? ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலிக்குக் கும்பினி ஊழியர்கள் கடன் கொடுத்தார்கள். கடனுக்கு வட்டி, வட்டிக்கு வட்டி. ஈடாகக் கர்நாடகத்துக் கிராமங்களின் நிலவரியையே எழுதி வாங்கினார்கள். அந்தக் கூட்டத்தில் முதன்மையானவர் பால் பென்ஃபீல்டு. சென்னையில் சேர்த்த செல்வத்தோடு சென்று, 1780இல் பாராளுமன்ற உறுப்பினரானார். நம் உழவன் நெல்லை அளந்தான். அந்த நெல் அங்கே வாக்காக மாறிற்று! 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் எழுந்து, அந்தக் கடன்களின் பின்னாலிருந்த கொள்ளையையும், அந்தப் பணம் பாராளுமன்ற இடங்களாக மாறியதையும் அம்பலப்படுத்தினார். விசாரணையின்றிக் கடனை ஏற்ற அரசாங்கத்தின் தலைவர் யார்? வைர பிட்டின் கொள்ளுப்பேரன், இளைய வில்லியம் பிட்! கண்டித்த பர்க்கும் ஒரு பிரபுவின் சட்டைப்பைத் தொகுதியான மால்ட்டனின் உறுப்பினர்தான். பாராளுமன்றச் சீர்திருத்தத்தையும் அவர் எதிர்த்தவர்தான். கொள்ளையைக் கண்ட அவர் கண், கொள்ளைக்கு வழிவிட்ட கதவைக் காண மறுத்தது.

அதே 1785இல் இளைய பிட், இத்தகைய 36 தொகுதிகளை உரியவர்களுக்கு ஈட்டுத்தொகை கொடுத்து ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். ஆதரவு 174, எதிர்ப்பு 248. விழுந்தது மசோதா. முதலமைச்சராலும் அசைக்கமுடியவில்லை அந்த மேட்டை!

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேடு பிட் குடும்பத்திடமிருந்து கலிடன் பிரபுவிடம் விலைபோயிற்று. அந்தக் குடும்பத்தின் செல்வமும் இந்தியாவில் சேர்த்ததே. முதல் கலிடன் பிரபுவின் தங்கை கணவர் யார் என்றால், 1770 முதல் 1773 வரை சென்னைக்குக் கவர்னராயிருந்த ஜோசியாஸ் டூப்ரே! வாங்கியவர் மாறினார், வந்த வழி மாறவில்லை. இறுதியில் அந்தத் தொகுதிக்கு ஜேம்ஸ் அலெக்சாண்டர், ஜோசியாஸ் டூப்ரே அலெக்சாண்டர் என்று கலிடன் குடும்பத்தவரே உறுப்பினர்.

மேட்டை வீழ்த்தியவர் யார்?

இந்தப் பக்கம் ஆளில்லா மேட்டுக்கு இரண்டு உறுப்பினர். அந்தப் பக்கம் மான்செஸ்டர், பர்மிங்காம், லீட்ஸ்; நூலும் இரும்பும் கம்பளியும் செய்து இங்கிலாந்துக்குச் செல்வம் குவித்த தொழில் நகரங்கள். 1831இல் ஒவ்வொன்றிலும் இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். அவற்றுக்குத் தனி உறுப்பினர் எத்தனை பேர்? ஒருவரும் இல்லை!

1819 ஆகஸ்டு 16ஆம் நாள் மான்செஸ்டர் நகரத்து செயின்ட் பீட்டர் திடலில், வாக்குரிமை கேட்டு ஏறத்தாழ 60,000 பேர் திரண்டனர். நெசவாளர் வந்தனர், பெண்கள் வந்தனர், குழந்தைகளைக் கூட்டிவந்தனர். ஆயுதம் இல்லை, கையில் கொடிகள்தாம். குதிரைப்படையை ஏவினார்கள். வாள் வீசிற்று. பதினைவருக்குக் குறையாமல் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். வாட்டர்லூ போர்க்களத்தின் பெயரோடு சேர்த்து, பீட்டர்லூ என்று அந்தத் திடலுக்கு வசைப்பெயர் ஏற்பட்டது.

1831 மார்ச்சு முதல் நாள், ஜான் ரஸ்ஸல் பிரபு சீர்திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். நம் நாட்டைக் காணவரும் ஓர் அயல்நாட்டானைப் பசுமேடு ஒன்றுக்கு அழைத்துப்போய், இந்த மேடு இரண்டு உறுப்பினரை அனுப்புகிறது என்றால் அவன் என்ன நினைப்பான் என்று கேட்டார். அந்த மாதமே இரண்டாம் வாசிப்பில் மசோதா வென்றது, 302க்கு 301, ஒரே ஒரு வாக்கு! குழுநிலையில் தடை எழவே, அவையைக் கலைத்துப் பொதுத்தேர்தல் நடத்தினார்கள். புதிய அவை நிறைவேற்றியது. அக்டோபரில் பிரபுக்கள் சபை தள்ளிற்று. பிரிஸ்டல் எரிந்தது, நாட்டிங்காம் கோட்டை எரிந்தது. 1832 மே மாதம் அமைச்சரவை விலகியபோது, ஊர்தோறும் கூட்டங்கள். வரி கொடோம் என்ற முழக்கம். பாங்கியில் போட்ட பொன்னைத் திரும்பப் பெறுங்கள் என்ற அறைகூவல். மன்னர் பணிந்தார்; பிரபுக்கள் பணிந்தனர். 1832 ஜூன் 7ஆம் நாள் சட்டம் நிறைவேறியது. 56 தொகுதிகள் அடியோடு ஒழிந்தன. அவற்றுள் ஒன்று ஓல்டு சாரம். உரியவர்க்கு ஈட்டுத்தொகை? ஒரு காசும் இல்லை!

எண்ணிப் பாருங்கள். முதிய பிட் கண்டித்தார், மேடு நின்றது. இளைய பிட் மசோதா தந்தார், மேடு நின்றது. ஹார்ன் டூக் உள்ளே புகுந்தே பார்த்தார், மேடு நின்றது. அந்த அவையில் தமக்கென ஓர் இருக்கையும் இல்லாத மக்கள் தெருவிலே திரண்டபோதுதான் மேடு சரிந்தது.

வென்ற மக்களுக்கு முழுப் பயன் கிட்டியதா? அதுவும் இல்லை. நகரங்களில் ஆண்டுக்குப் பத்துப் பவுன் மதிப்புள்ள வீட்டில் குடியிருந்த ஆணுக்கே வாக்கு. பீட்டர்லூவில் வெட்டுண்ட நெசவாளிக்கு இல்லை. அவன் மனைவிக்கு இல்லவே இல்லை. இரகசிய வாக்குமுறைக்கு 1872 வரையில் காத்திருந்தார்கள். பெண்களில் ஒரு பகுதியினர் 1918இலும், ஆண்களுக்குச் சமமாக எல்லோரும் 1928இலும்தான் வாக்குப் பெற்றனர்.

நம் கையிலுள்ள சீட்டு

அந்த நாட்டார் இங்கே தேர்தல் முறையைக் கொண்டுவந்தபோது, மனையின் வாடை விட்டுப்போகாமலேதான் கொண்டுவந்தார்கள். 1920இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல் நடந்தபோது, சொத்தும் வரியுமே பெரும்பாலும் வாக்குரிமைக்கு அளவுகோல். ஜமீன்தார்களுக்குத் தனித்தொகுதி, தோட்டமுதலாளிகளுக்குத் தனித்தொகுதி. நிலம் உழுதவனுக்கும் தேயிலை பறித்தவளுக்கும் இடம் இல்லை. 1951-52 பொதுத்தேர்தலில்தான் 21 வயது நிரம்பிய எல்லோரும் வாக்காளராயினர். 1989இல் அந்த வயது 18 ஆயிற்று. சீமானுக்கும் ஒன்று, சேரிவாழ் உழைப்பாளிக்கும் ஒன்று என்ற அந்தச் சீட்டின் பின்னால் எத்தனை திடல்களின் குருதி இருக்கிறது என்பதை எண்ணவேண்டும்.

ஓல்டு சாரம் இறந்தது. ஆனால் அதன் ஆவி இறந்ததா என்று உங்களைக் கேட்கிறேன். உயிரோடிருக்கிற ஓர் ஏழையின் பெயர் வாக்காளர் பட்டியலில் விடுபட்டால், அந்த அளவுக்கு அந்தத் தொகுதி ஆளில்லாத மேடாகிறது. செத்தவர் பெயரில் ஒரு வாக்கு விழுந்தால், பார்லிமெண்டு மரத்தின் நிழல் அங்கே விழுகிறது. வாக்குக்குப் பணம் கைமாறினால், மனை விலைபேசப்படுகிறது. வென்றவர் ஐந்தாண்டுக் காலம் மக்களிடம் வராமல், தமக்கு இடம் கொடுத்தவரிடமே கைகட்டி நின்றால், அவர் எந்தக் கட்சிக்காரராயினும், நம் கட்சிக்காரரே ஆயினும், அவர் மேட்டின் உறுப்பினரே தவிர மக்களின் உறுப்பினர் அல்லர்.

ஆகவே தோழர்களே, "வேட்பாளர் நல்லவர், அது போதும்" என்று ஓய்ந்துவிடாதீர்கள். நல்லவரைத் தேடுங்கள், ஆனால் அந்த நல்லவரும் மக்களுக்குப் பதில் சொல்லியே தீரவேண்டிய நிலையை உண்டாக்குங்கள். அதற்கான வேலை மேடையில் தொடங்குவதில்லை. வாக்காளர் பட்டியலில் தொடங்குகிறது. உங்கள் தெருவின் பட்டியலை எடுத்துக்கொண்டு வீடுவீடாகச் செல்லுங்கள். குடிபெயர்ந்து வந்த கூலித் தொழிலாளியின் பெயர் இருக்கிறதா, 18 வயது நிரம்பிய பெண்ணின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையேல் சேர்க்கச் செய்யுங்கள். கைதட்டல் கிடைக்காத வேலைதான். ஆயினும் ஒரு பெயரைச் சேர்க்கும்போது, ஒரு மேட்டில் ஒரு மனிதனைக் குடியேற்றுகிறீர்கள்.

மக்கள் இல்லாத இடத்துக்கும் உறுப்பினர் இருந்த காலம் ஒன்று இருந்தது. மக்கள் இருக்கிற இடமெல்லாம் மக்களின் உறுப்பினரே இருக்கும் காலத்தை நிலைநிறுத்துவது நம் கடமை என்று கூறி, என் உரையை முடித்துக்கொள்கிறேன்.